மீட்டெடு என்ற பட்டன்

திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடைகள் வரிசையாக இருக்கின்றன. எந்தக் கடையில் எந்தக் கோளாறைக் கொண்டுபோய் வைத்தாலும் ஒரே பதில்தான் வரும்: "ஓ.எஸ். ஏத்தணும் சார்." திரை கீறியிருந்தாலும் அதே பதில். கீபோர்டில் காபி கொட்டியிருந்தாலும் அதே பதில். அந்தக் கடைக்காரர்களை நான் மதித்ததே கிடையாது. அவர்களை மட்டுந்தானா என்று என் மனைவி கேட்பாள். நியாயமான கேள்விதான். நான் பொதுவாக யாரையும் அவ்வளவாக மதிக்கிறவன் இல்லை. நாலு வரி தமிழைப் பிழையில்லாமல் எழுத ஆளில்லாத ஊரில் யாரை மதித்து என்ன ஆகப்போகிறது என்று நினைத்துக்கொண்டிருந்த காலம் அது.

என் தொழில் மொழிபெயர்ப்பு. பெங்களூரில் ஒரு ஏஜென்சி இருக்கிறது. அவர்கள் அனுப்புகிற ஆங்கிலத்தை வீட்டில் உட்கார்ந்து தமிழாக்கித் திருப்பி அனுப்புவேன். வாஷிங் மெஷின் கையேடு, இன்சூரன்ஸ் விதிமுறை, கம்ப்யூட்டர் திரையில் வருகிற சொற்கள், இப்படி. யாரும் ஆசைப்பட்டுப் படிக்கிற சமாச்சாரம் எதுவும் அதில் கிடையாது. ஆனால் நான் அதைப் புலவர் சபையில் அரங்கேற்றப் போகிறவனைப் போலத்தான் செய்வேன். 'கிளிக் செய்யவும்' என்று எழுத என் கை வராது. 'சொடுக்குக' என்றுதான் எழுதுவேன். கம்ப்யூட்டர் கண் விழிப்பதற்கே அடிப்படையாக உள்ளே இருக்கும் ஃபர்ம்வேருக்கு 'நிலைபொருள்' என்று போடுவேன். என் போன், என் லேப்டாப், எல்லாமே தமிழில்தான் இருக்கும். என் போனில் அலாரம் வைக்கத் தெரியாமல் மனைவி திணறியபோது, அது அவளுடைய குறை என்று முடிவு செய்து பேசாமல் இருந்துவிட்டேன்.

சில வருடங்களுக்கு முன்னால் அந்த ஏஜென்சி வழியாக ஒரு பெரிய வேலை வந்தது. ஒரு வெளிநாட்டு லேப்டாப் கம்பெனி தன் மென்பொருள் முழுவதையும் தமிழில் கொண்டுவருகிறது என்றார்கள். அதில் ஒரு கருவி உண்டு. செத்துப்போன லேப்டாப்பை, ஓடுகிற இன்னொரு லேப்டாப்போடு வயர் போட்டு இணைத்து, இணையத்திலிருந்து இறக்கிய ஃபர்ம்வேர் கோப்பை அதற்குள் செலுத்திச் சரி செய்கிற கருவி. அதற்கு இரண்டு பட்டன்கள். ஒன்று ரிவைவ்: உள்ளே நீங்கள் வைத்திருப்பது எதையும் தொடாமல், ஃபர்ம்வேரை மட்டும் புதிதாக வைக்கும். மற்றொன்று ரெஸ்டோர்: உள்ளே இருக்கிற அத்தனையையும் துடைத்து அழித்துவிட்டு, கடையில் வாங்கிய அன்று இருந்தபடி ஆக்கிவிடும். இந்த வித்தியாசம் எனக்குத் தெரியும். கூடவே வந்த குறிப்பில் புரியும்படி எழுதியிருந்தார்கள். முதல் பட்டனுக்கு 'உயிர்ப்பி' என்றும் இரண்டாவதற்கு 'மீட்டெடு' என்றும் போட்டேன். போட்டுவிட்டு, இரண்டையும் வாய்விட்டுச் சொல்லி ஓசையை ரசித்தேன். இரண்டாவது பட்டனை அழுத்தினால் ஓர் எச்சரிக்கை வரும். அதற்குத்தான் ரொம்ப நேரம் எடுத்துக்கொண்டேன். கடைசியில் இப்படி அமைந்தது: 'இச்செயலால் உள்ளுறைத் தரவுகள் யாவும் களையப்பெற்று, சாதனம் மீட்டெடுக்கப்படும்.'

நான் எழுதுவதைச் சரிபார்க்க ஏஜென்சி ஒரு பெண்ணை வைத்திருந்தது. பழனிக்காரர். நேரில் பார்த்ததில்லை, போன் பழக்கம்தான். பெரும்பாலும் காற்புள்ளி, ஒற்று மிகுமா மிகாதா என்பதோடு நிறுத்திக்கொள்வார். அன்றைக்கு இந்தப் பட்டனுக்காகவே கூப்பிட்டார்.

"ஏனுங்க சார், மீட்டெடுன்னா போனது திரும்பி வரும்னுதானுங்க சனங்க நினைப்பாங்க? இதை அமுத்துனா இருக்கறதும் போயிருமுங்களே. பேசாம 'எல்லாம் அழிஞ்சுரும்'னே போட்டுரலாமுங்க."

எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. அவருக்கு அரை மணி நேரம் பாடம் எடுத்தேன். பஞ்சாமிர்த டப்பாவில் அச்சடிக்கிற தமிழைக் கம்ப்யூட்டரில் எழுத முடியாது என்றேன். கலைச்சொல் என்றால் என்ன, மரபு என்றால் என்ன என்று ஆதியிலிருந்து ஆரம்பித்தேன். அவர் குறுக்கே பேசவில்லை. கடைசியில், "சரிங்க சார், உங்க இஷ்டமுங்க" என்று ஒப்புதல் போட்டுவிட்டார். பல நாள் இந்தக் கதையை நண்பர்களிடம் சொல்லிச் சிரித்திருக்கிறேன். அந்த 'அழிஞ்சுரும்' என்கிற இடத்தில் அவரைப் போலவே பேசிக் காட்டுவேன்.

இனி அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அக்கா ஆரம்பப் பள்ளியில் டீச்சர். ஊரில் பாதிப் பேருக்கு அவளைப் பெயர் சொல்லித் தெரியாது, டீச்சர் என்றால் தெரியும். எங்கள் பங்குக் கோவில் பாடகர் குழுவில் இருபது வருடத்துக்கு மேல் முதல் குரல் அவளுடையது. பெரிய வெள்ளிக்கிழமை அன்று சிலுவையை முத்தம் செய்ய வரிசை நகரும்போது, துணைக்கு ஒரு வாத்தியமும் இல்லாமல் அவள் தனியாகப் பாடுவாள். நான் கோவிலுக்குப் போனதே அதற்காகத்தான். பிரசங்கம் நடக்கும்போது வெளியே வேப்பமரத்தடியில் நிற்பேன். சாமியாரின் தமிழைக் கேட்க என்னால் முடியாது. அக்கா பாட ஆரம்பித்தால் உள்ளே போவேன். இந்த ஊரில் நான் மனசார மதித்த ஒரே விஷயம் அந்தக் குரல்.

இரண்டு வருடத்துக்கு முன்னால் அவளுக்குத் தைராய்டு கட்டி வந்து ஆபரேஷன் செய்தார்கள். கட்டி போயிற்று. கூடவே குரலும் போயிற்று. பேசுவாள், ஆனால் பாட முடியாது. தகரத்தைச் சுரண்டுகிற சத்தம் என்று அவளே சொல்லிச் சிரிப்பாள். ஆபரேஷனுக்கு முந்திய இரண்டு மாதத்தில், அவளே மெட்டுப் போட்ட பதினேழு பாட்டுகளை வீட்டில் உட்கார்ந்து லேப்டாப்பில் பாடிப் பதிந்து வைத்திருந்தாள். நானும் அவளும் ஒரே சமயத்தில் வாங்கிய லேப்டாப்புகள் அவை, மேலே சொன்ன அதே கம்பெனி. அந்தப் பாட்டுகளை யாருக்கும் அனுப்ப மாட்டாள். இன்னும் சரியாக வரவில்லை என்பாள். அதில் ஒன்று, மகள் சின்ன வயதில் முதன்முதலாக நற்கருணை வாங்கிய புதுநன்மைக்காக அந்தக் காலத்தில் அவள் எழுதிய பாட்டு. அந்த மகளுக்கு இந்த வருடம் ஈஸ்டர் முடிந்து கல்யாணம் வைத்திருந்தார்கள். அம்மா குரலில் அந்தப் பாட்டு ஒலிக்கத்தான் கோவிலுக்குள் நடந்து வருவேன் என்று அவள் ஒற்றைக்காலில் நின்றாள். அக்கா கூச்சப்பட்டு, மறுத்து, பிறகு ஒத்துக்கொண்டாள்.

அந்தக் குரல் உலகத்தில் பத்திரமாக இருந்த ஒரே இடம் அந்த லேப்டாப். வேறு எதிலாவது ஒரு நகல் எடுத்துக் கொடு என்று அக்கா என்னிடம் இரண்டு தடவை கேட்டிருந்தாள். அடுத்த வாரம் என்று நானும் இரண்டு தடவை சொல்லியிருந்தேன்.

ஈஸ்டருக்கு முந்திய தவக்காலத்தில் ஒரு நாள், மாதாந்திரப் பராமரிப்பு என்று கரண்டை நிறுத்தினார்கள். அக்காவின் லேப்டாப்பில் பேட்டரி செத்து வெகு காலம். சொருகி வைத்தால்தான் ஓடும். அன்று காலையில் அத்தான் அதில் அப்டேட் போட்டிருக்கிறார். அத்தானுக்கு ஒரு குணம் உண்டு. திரையில் எது வந்து நின்றாலும் 'சரி' என்று அழுத்திவிடுவார். ஏன் என்று ஒரு தடவை கேட்டேன். அதுவாக வந்து கேட்கிறது, வேண்டாம் என்று சொல்ல மனசு வரவில்லை மாப்பிள்ளை என்றார். கரண்டு நிற்கப்போகிறது என்று பேப்பரில் போட்டிருந்த செய்தியை அன்று காலையில் அக்காவுக்கு உரக்க வாசித்துக் காட்டியவரும் அவர்தான். வாசித்துவிட்டுப் போய் அப்டேட்டை அழுத்தியிருக்கிறார். முப்பது வருடம் வங்கியில் வேலை பார்த்த மனிதர்! அப்டேட் பாதியில் இருக்கும்போது கரண்டு போனது. திரும்ப வந்தபோது லேப்டாப்பின் திரை கறுத்துக் கிடந்தது. எதை அழுத்தினாலும் அசையவில்லை.

கடைக்குக் கொண்டுபோனார்கள். கடைக்காரருக்கு அகரம் ஊர். அப்பாவும் அண்ணனும் அங்கே பூவும் வெங்காயமும் போடுகிறார்கள், இவர் மட்டும் டவுனுக்கு வந்து கடை வைத்திருக்கிறார். ஐந்தாம் வகுப்பில் அக்காவிடம் படித்தவராம். பார்த்துவிட்டு வழக்கம்போல ஓ.எஸ். ஏத்தணும் என்றார் என்று அத்தான் போனில் சொன்னபோது, நான் எதிர்பார்த்ததுதான் என்றேன். ஆனால் இந்தத் தடவை அந்த ஆள் சொன்னது சரி. ஃபர்ம்வேர் கெட்டிருக்கிறது, பாட்டெல்லாம் உள்ளே பத்திரமாகத்தான் இருக்கும், அதே கம்பெனி லேப்டாப் இன்னொன்றும் கம்பெனியின் கோப்பும் கிடைத்தால் எழுப்பிவிடலாம் என்று சொல்லியிருக்கிறார். ஒரு கடைக்காரனுக்கு இவ்வளவு தெரிந்திருக்கிறதே என்று எனக்குக் கொஞ்சம் எரிச்சல்கூட வந்தது.

இன்னொரு லேப்டாப் என்னிடம் இருந்தது. கோப்பையும் நானே இறக்கினேன். பதினாலு ஜிபி. பாதி வந்ததும் நெட் அறுந்துபோகும், முதலிலிருந்து ஆரம்பிக்கும். ஒன்றரை நாள் ஆனது. அத்தான் வந்து லேப்டாப்பை மஞ்சள் பையில் வைத்து வாங்கிக்கொண்டு போனார். நீயும் வா மாப்பிள்ளை என்று கூப்பிட்டார். ஸ்கூட்டரில் பத்து நிமிடம். எனக்குப் போக மனசில்லை. ஸ்க்ரூவைப் பல்லில் கடித்தபடி பேசுகிற ஒருவர் பக்கத்தில் பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்கார்ந்து, அவருக்கு விளக்கம் சொல்லிக்கொண்டிருக்க நான் என்ன அவர் கடைப் பையனா? ஏஜென்சி கொடுத்த வேறு கம்ப்யூட்டரில் வாஷிங் மெஷின் கையேடு ஒன்று பாதியில் நின்றது. திரையில் எல்லாம் தமிழில் இருக்கிறது, எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரிந்தால் போதும் என்று சொல்லி அத்தானை அனுப்பிவிட்டேன்.

மத்தியானம் கடைக்காரர் போன் செய்தார்.

"சார், ரெண்டு பட்டன் இருக்கு. எதை அமுத்தணும்னு உங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கிறச் சொன்னாக டீச்சர்."

"உங்களுக்குத் தமிழ் படிக்கத் தெரியுமா?"

"தெரியும் சார்."

"அப்ப படிங்க. எல்லாம் தெளிவா எழுதியிருக்கு."

வைத்துவிட்டேன். துணியைப் பிழிந்து சுழற்றுகிற பட்டனுக்கு நல்ல சொல்லாக ஒன்று தேடிக்கொண்டிருந்தேன். இந்தப் போனால் அது கைக்கு வந்து நழுவிவிட்டது என்று கோபம் வேறு.

ஒரு மணி நேரம் கழித்து அக்கா பேசினாள். அந்தக் கரகரத்த குரலிலும் சந்தோஷம் தெரிந்தது. "தம்பி, வந்துருச்சுப்பா. எல்லாம் நல்லபடியா முடிஞ்சுருச்சு. 'வணக்கம்'னு பெருசா எழுதி வருது, பார்க்கவே நல்லாருக்கு."

அந்த வணக்கமும் நான் எழுதியதுதான். புத்தம்புது லேப்டாப்பை முதன்முதலாகத் திறக்கிறவர்களுக்கு மட்டுமே அது வரும். செத்த நேரம் அங்கேயே இருங்கள், வாரேன் என்று சொல்லிவிட்டுச் சட்டையை மாட்டினேன். ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

கடையில் மூன்று பேரும் சந்தோஷமாக இருந்தார்கள். டீ வரவழைத்துக் குடித்திருந்தார்கள். எனக்கும் ஒன்று மூடி வைத்திருந்தது. மேஜையில் என் லேப்டாப் திறந்திருந்தது. அதில் 'மீட்டெடுப்பு இனிதே நிறைவுற்றது' என்று என் வாக்கியம். பக்கத்தில் அக்காவின் லேப்டாப், பிறந்த குழந்தையைப் போல ஒன்றும் தெரியாமல் விழித்துக்கொண்டிருந்தது. எந்த மொழி என்று கேட்டபோது, சாருக்குத் தமிழ்தான் பிடிக்கும் என்று கடைக்காரரே தமிழை வைத்திருந்தார். பாட்டெல்லாம் எந்த இடத்தில் இருக்கும், நீங்கள் வந்து திறந்து காட்டினால் டீச்சர் கேட்டுவிட்டுப் போய்விடுவார்கள் என்றார்.

எந்தப் பட்டனை அழுத்தினீர்கள் என்று கேட்டேன்.

மூவரும் கலந்து பேசித்தான் அழுத்தியிருக்கிறார்கள். உயிர்ப்பி என்றால் உயிர் மட்டும்தான் வரும், பாட்டு வராது என்பது கடைக்காரரின் கணக்கு. அத்தான் அதில் வேதத்தைக் கொண்டுவந்திருக்கிறார். மீட்பு இருந்தால்தான் உயிர்ப்பு, அதுவும் தவக்காலம் முடிந்து ஈஸ்டர் வராமல் உயிர்ப்பு ஏது என்றாராம். அதை இப்போதும் என்னிடம் ஒரு தடவை சொல்லிக் காட்டினார். அக்கா சொன்ன காரணம் இன்னும் எளியது. எனக்கு என் பாட்டு திரும்ப வேணும், அப்ப மீட்டெடுக்கத்தானே வேணும் என்றாள். இதில் எந்த இடத்தில் தப்புச் சொல்ல முடியும்?

எச்சரிக்கை ஒன்று வந்திருக்குமே, அதைப் படிக்கவில்லையா என்று கடைக்காரரிடம் சத்தமாகவே கேட்டேன். தப்பை அவர் தலையில் வைப்பதற்கு ஓர் இடம் கிடைக்காதா என்று தேடினேன் என்பதே உண்மை.

"படிச்சேன் சார். ரெண்டு வாட்டி படிச்சேன். டீச்சருக்கும் சத்தமா படிச்சுக் காமிச்சேன்." போனில் போட்டோ எடுத்தும் வைத்திருந்தார். எடுத்து நீட்டினார். "உள்ளுறைன்னா உள்ளுக்குள்ள உறைஞ்சு கிடக்குறதுதான சார்? கம்ப்யூட்டர் உறைஞ்சு போச்சுன்னுதான சொல்லுவோம். அப்படி உறைஞ்சு கிடக்குறதயெல்லாம் களையெடுத்துட்டு, மெசின மீட்டுக் குடுக்கும்னு போட்டுருக்கு. எங்க வெங்காயக் காட்டுல களையெடுக்காமயா பயிரு வரும்? நல்லதுதானன்னு அமுத்திட்டேன்."

படிக்கத் தெரியாதவன் என்று திட்டுவதற்குத்தான் வாயைத் திறந்திருந்தேன். ஆனால் அந்த மனிதர் ஒவ்வொரு சொல்லாக நின்று, பொருள் பார்த்துப் படித்திருக்கிறார். நான் எழுதிய அந்த வாக்கியத்தை அவ்வளவு அக்கறையாக வேறு யாரும் படித்திருக்கப் போவதில்லை.

அக்காவிடம் சொல்ல வேண்டியிருந்தது. சொன்னேன். அந்தப் பட்டன் எதையும் மீட்காது, உள்ளே இருந்ததையெல்லாம் அழித்துவிடும், அழித்துவிட்டது என்றேன். அவள் லேப்டாப்பின் மேல் வைத்திருந்த கையை எடுக்கவில்லை.

"பாட்டு?"

"இல்லக்கா."

"ஒண்ணுகூடவா?"

இல்லை என்று தலையை ஆட்டினேன். அத்தான் சிலுவை போட்டுக்கொண்டார். வேறொரு நாளாக இருந்தால் அதற்கும் ஏதாவது நக்கலாகச் சொல்லியிருப்பேன். கடைக்காரர் எழுந்து நின்றுவிட்டார். அப்படிப் போடவில்லையே சார், அழிந்துபோகும் என்று போட்டிருந்தால் தொட்டிருப்பேனா என்று மெதுவாகச் சொன்னார். எனக்கு அந்தப் பழனிக்காரப் பெண்ணின் குரல் அப்படியே காதில் கேட்டது. நான் நண்பர்களிடம் பேசிக் காட்டுவேனே, அந்தக் குரலில்.

அக்கா அழவில்லை. கடைக்காரரின் போனை வாங்கி, கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு அந்த வாக்கியத்தைப் படித்தாள். வகுப்பில் பிள்ளைகளின் நோட்டைப் படிக்கிற வேகம். பிறகு, இதை எவன் எழுதினான் என்று கேட்டாள்.

யாரோ என்று சொல்லியிருக்கலாம். யாருக்கும் தெரியாது. கம்பெனி என்று சொன்னால் கம்பெனியைத் திட்டிவிட்டுப் போயிருப்பார்கள். சொல்லாமல் இருக்கத்தான் முதலில் நினைத்தேன். ஆனால் அவள் இன்னும் அந்தப் போட்டோவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நான்தாங்க்கா."

நிமிர்ந்து பார்த்தாள். நான் சொன்னது புரியவில்லையோ என்று, அந்தக் கம்பெனி வேலையைப் பற்றி இரண்டு வரி சொன்னேன். அவளுக்கு முதலிலேயே புரிந்திருந்தது.

"குறையத்தான தம்பி களைவாங்க," என்றாள். "பிழையக் களைவாங்க. பாவத்தக் களைவாங்க. பாட்டயுமா களைவாங்க?"

தமிழை எனக்கு மட்டும் பட்டா போட்டுக் கொடுத்த மாதிரி நடந்துகொண்டவன் நான். களைவது என்ற சொல் கெட்டதோடுதான் சேரும் என்பது வெங்காயக் காட்டுக்காரருக்குத் தெரிந்திருக்கிறது, ஆரம்பப் பள்ளி டீச்சருக்குத் தெரிந்திருக்கிறது. எனக்குத் தெரியவில்லை. சொற்களுக்கு நடுவே இருபது வருடமாகக் குடித்தனம் நடத்தியிருக்கிறேன், அவை யாரோடு சேரும் யாரோடு சேராது என்று ஒரு நாளும் கவனிக்கவில்லை. கடையில் ஆறிப்போயிருந்த அந்த டீயைக் குடித்துவிட்டு, மூவரோடும் வெளியே வந்தேன். கடைக்காரர் கடைசி வரைக்கும் அக்காவிடம்தான் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தார். என்னை ஒரு சொல் கேட்கவில்லை.

மதுரையில் அழிந்ததை எடுத்துக் கொடுக்கிறவர்கள் இருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டுக் கொண்டுபோனேன். இந்த மாடலில் அழிந்தால் அழிந்ததுதான் என்று அரை நிமிடத்தில் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். அவர்கள் 'அழிஞ்சா அழிஞ்சதுதான்' என்று சொன்னது எனக்கு ஒரு தடவையிலேயே புரிந்தது. பாடகர் குழுவில் ஒவ்வொருவர் வீடாகப் போய்ப் போன்களைக் கேட்டுப் பார்த்தேன். கல்யாணப் பாட்டின் மெட்டு எல்லோருக்கும் தெரிந்திருந்தது, அக்கா சொல்லிக்கொடுத்திருக்கிறாள். அவள் குரல் ஒருவரிடமும் இல்லை. கோவிலில் போனை நீட்டிப் பதிவு செய்தவர்களை முறைத்தே அடக்கியவன் நான்தான் என்று ஒரு பெண் ஞாபகப்படுத்தினாள். அது நிஜம்தான்.

ஏஜென்சிக்கு எழுதினேன். அந்தப் பட்டனுக்கு 'அழித்துவிட்டுப் புதிதாக்கு' என்று மாற்றுங்கள், எச்சரிக்கையில் 'இதை அழுத்தினால் நீங்கள் வைத்திருப்பது எல்லாம் அழிந்துபோகும்' என்று போடுங்கள் என்றேன். ரொம்ப மரியாதையாகப் பதில் வந்தது. அந்தச் சொற்களை மூத்த மொழி நிபுணர் ஒருவர் ஏற்கெனவே இறுதி செய்திருக்கிறார், மாற்றுவதற்கு அவருடைய ஒப்புதல் வேண்டும் என்று எழுதியிருந்தார்கள். அந்த நிபுணரின் பெயராக என் பெயரே இருந்தது. ஒப்புதல் அனுப்பினேன். இன்னும் மாறவில்லை. அது போதாதென்று, என் சொற்கள் தரமாக இருப்பதால் வேறு இரண்டு கம்பெனிகளுக்கும் அதே பட்டியலைக் கொடுத்திருக்கிறார்களாம். எங்கெங்கோ யார் யாரோ வீட்டில் என் 'மீட்டெடு' உட்கார்ந்திருக்கிறது. அந்தப் பழனிக்காரப் பெண்ணுக்குப் போன் செய்ய வேண்டும் என்று நினைக்கிறேன். இதுவரை செய்யவில்லை. அவர் என்னைத் திட்டமாட்டார், 'விடுங்க சார்' என்பார். அதைக் கேட்கத் தெம்பில்லை.

கல்யாணம் நடந்தது. பெண் கோவிலுக்குள் நடந்து வரும்போது பாடகர் குழுவில் ஓர் இளம்பெண் அந்தப் பாட்டைப் பாடினாள். நன்றாகவே பாடினாள். நான் வழக்கம்போல வேப்பமரத்தடியில் நின்றேன், ஆனால் பாட்டு ஆரம்பித்ததும் உள்ளே போகவில்லை. கதவு வழியாக அக்காவின் பட்டுச்சேலை மட்டும் தெரிந்தது. அவள் உதடு அசைந்ததா என்று பிறகு மனைவியிடம் கேட்டேன். இல்லை, உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள் என்றாள் மனைவி.

கல்யாண வேலையெல்லாம் ஓய்ந்த பிறகு ஒரு நாள் அக்கா வரச் சொன்னாள். லேப்டாப்பை மேஜையில் வைத்திருந்தாள். குழுவில் இருக்கிற பெண்களுக்கு அந்தப் பதினேழு பாட்டையும் சொல்லிக்கொடுத்துப் பாடவைத்துப் பதியப்போகிறாளாம். ஞாபகத்தில் இருக்கும்போதே செய்துவிட வேண்டும் என்றாள். அதற்கு முன்னால் ஒரு வேலை இருக்கிறது என்றாள்.

"இதை இங்கிலீசுக்கு மாத்திக் குடு."

"தமிழ் வேணாமாக்கா?"

"வேணாம்ப்பா. அன்னைக்கு அந்தப் பட்டன் இங்கிலீசுல இருந்திருந்தா, போன்ல கேட்டப்ப நீ சொல்லிருப்ப."

கோபமாகச் சொல்லவில்லை. கடையில் சாமான் எழுதிக் கொடுக்கிற மாதிரிச் சாதாரணமாகச் சொன்னாள். நான் மொழி இருக்கிற பக்கத்தைத் தேடித் திறந்து, ஆங்கிலத்தைத் தேர்ந்தெடுத்தேன். உடனே குறுக்கே ஒரு வாக்கியம் வந்தது: 'இம்மாற்றம் செயலுறச் சாதனம் மறுதொடக்கம் பெறும்.' இதுவும் நம் சரக்குத்தான். என் விரல் பட்டனுக்குப் போவதற்குள் அக்கா கையைப் பிடித்துக்கொண்டாள்.

"என்ன போட்டுருக்கு?"

"ஒருவாட்டி ஆஃப் ஆகி, திரும்ப ஆன் ஆகும்க்கா. அம்புட்டுத்தான்."

"உள்ள இருக்குறது எதுவும் போயிராதுல்ல?"

உள்ளே அப்போது எதுவுமே இல்லை.

"போகாதுக்கா," என்றேன்.